புளியந்தாங்கலில் ஐந்தாவது ஆள்

மனித சமுதாயம் ஒழுங்காக நடப்பது தனிமனித சுதந்திரத்தாலா, சட்டத்தின் கட்டுப்பாட்டாலா என்ற மாபெரும் கேள்விக்கு விடை தேடித் தாடி வளர்த்தவர்கள் மேல்நாடுகளில் எத்தனையோ பேர். தடிதடியாகப் புத்தகம் எழுதினார்கள். ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். தாடி நரைத்துச் செத்தும் போனார்கள். அவர்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். புத்தூரிலிருந்து நகரி போகும் பஸ்ஸில் ஏறி, புளியந்தாங்கல் கூட்டு ரோட்டில் இறங்கி, கிராம முன்சீப் தணிகாசலம் அவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அரை மணியில் முடிந்திருக்கும். தணிகாசலத்துக்குத் தாடி கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு தலையாரி இருந்தான், தலையாரியிடம் ஒரு தப்பட்டை இருந்தது, தப்பட்டைக்குப் பின்னால் நூற்று நாற்பத்து நாலாவது செக்‌ஷன் இருந்தது. வேறு என்ன வேண்டும்?

ஆந்திர ராஜ்யம் பிறந்த வருஷம் அது. பிறந்த குழந்தைக்கு எல்லை எங்கே போடுவது என்று சித்தூர் ஜில்லா முழுக்க ஒரே கூச்சல். "எங்களைச் சென்னையோடு சேர்" என்று ஒரு கூட்டம், "சேர்த்தால் தெரியும் சேதி" என்று இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் கல் பறந்தது. கல் பறந்தால் போலீஸ் பறக்கும் அல்லவா? ஒரு நாள் காலை ஜீப் ஒன்று புளியந்தாங்கலுக்குள் வந்து ஏரி மதகோரம் நின்றது. அதிலிருந்து இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர், கூடியிருந்த ஜனங்களைப் பார்த்துத் தெலுங்கில் முழங்கினார்.

"நலுகுரி கண்டே எக்குவ மந்தி குமிகூடகூடது!"

அதாவது, நாலு பேருக்கு மேல் கூடக்கூடாது. முழங்கிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் புளியந்தாங்கல் பக்கம் வரவே இல்லை. பெரிய காரியம் செய்தவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெலுங்கைத் தமிழாக்கி ஊருக்குச் சொல்லும் பொறுப்பு தலையாரி ரங்கனுடையது. ரங்கன் தப்பட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான்.

"இத்தால் சகல ஜனங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா! அஞ்சு பேரு ஒண்ணா நின்னா சுட்டுப்புடுவாங்கோ! நாலு பேரு நிக்கலாம், குந்தலாம், பேசிக்கினு இருக்கலாம்! அஞ்சாவதா வந்து சேர்றவன் எவனோ, அவனுக்குத்தான் குண்டு!"

தணிகாசலம் அவனைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். "ஏண்டா ரங்கா, சுடறதாவா சொன்னாரு?"

"வாயால சொல்லலீங்க. இடுப்புல துப்பாக்கி தொங்கிக்கினு இருந்துச்சே. அது எதுக்காம்?"

தணிகாசலம் பிரமித்துப் போனார். சட்டத்தின் வாசகத்தைப் படிப்பவர்கள் ஆயிரம் பேர். இடுப்பைப் படித்தவன் ரங்கன் ஒருவனே. அவர் திருத்தம் ஏதும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து புளியந்தாங்கலில் ஒரு பொற்காலம் பிறந்தது.

முதலில் சண்டை ஒழிந்தது. புளியந்தாங்கலில் வாய்க்கால் தண்ணீருக்காக நடக்கும் சண்டை அக்கம்பக்கத்துக் கிராமங்களிலெல்லாம் பேர் பெற்றது. இரண்டு பேர் போடுவார்கள், இருபது பேர் விலக்குவார்கள், விலக்கியவர்களுக்குள் மூண்டதை விலக்க இன்னும் நாற்பது பேர் வருவார்கள். இப்போது போடுவதற்கு இரண்டு பேர் போக, விலக்குவதற்கு இரண்டே பேருக்குத்தான் இடம். பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் எவன் வேட்டியை மடித்துக் கட்டுவான்? இரண்டு வசவோடு சண்டைகள் தாமாக வாடிப்போயின.

அரசியலும் திருந்தியது. எல்லைக் கிளர்ச்சிக்காரர்கள் ஒரு முறை வந்து பொதுக்கூட்டம் போட்டார்கள். தலைவர், பேச்சாளர், நன்றியுரை என்று மூன்று பேர் போக, பொதுமக்கள் ஒருவர்தான். அந்தப் பொதுமக்களும் பாதியில் வெற்றிலை வாங்கப் போய்விட்டார். பள்ளிக்கூட வாத்தியார் ரங்கையா, தன்னையும் சேர்த்து எண்ணி, மூன்று பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, மற்றவர்களை மூன்று மூன்றாகப் புளியமரம், கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று பிரித்து விட்டார். பாடம் ஜன்னல் வழியாகக் கத்தப்பட்டது. கிணற்றடிப் பிள்ளைகள் தெலுங்குச் செய்யுளைக் கேட்டுக் கணக்கென்று நினைத்துக்கொண்டார்கள். ஆனாலும் யாரும் யாரையும் கிள்ளவில்லை, பாருங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தும் நின்றுபோனது. பஞ்சாயத்தார் ஐந்து பேர். ஐவர் உட்கார்ந்தால் குற்றம், நால்வர் உட்கார்ந்தால் தீர்ப்பு செல்லாது. ஆகவே எல்லா வழக்குகளும் தணிகாசலத்திடம் ஒற்றை ஆளாக வந்து சேர்ந்தன. அதை அவர் விரும்பிக் கேட்கவில்லை. வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"ஐயா, என் மச்சான் ஊட்டுலேர்ந்து மூணு பேர் வர்றாங்கோ. நானு, என் பொஞ்சாதி. அஞ்சாயிடுதே?"

"பொஞ்சாதிய அடுக்களைல நிறுத்து. நடுவுல செவுரு இருந்தா அது வேற கூட்டம்."

"புள்ள வயித்துல இருக்குதுங்களே?"

"பொறக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

இப்படி நாளொரு தீர்ப்பு. தணிகாசலம் யாரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்கியதில்லை என்பதை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். அவர் தெருவில் நடந்தால் நாலு பேராக நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அவரோடு சேர்த்து ஐந்தாகிவிடுமே என்று பயந்து, இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒதுங்கி வழிவிடுவார்கள். அது போதும் அவருக்கு. அந்த ஒதுங்கலில் ஒரு சுகம் இருந்தது. ராஜாக்களுக்கு இருந்திருக்கும்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த மாதிரி உத்தரவுக்கு ஆயுசு இரண்டு மாதம்.

தணிகாசலத்துக்கு இது தெரியும். புத்தூர் தாலுகா ஆபீசில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரே அவரிடம் சொன்னார். "உங்க ஊர்ப் பக்கம் அமைதியாயிடுச்சு, முன்சீப்காரு. உத்தரவு முடிஞ்சுபோச்சு, நீட்டிக்கல." தணிகாசலம் அன்றைக்கே வந்து ரங்கனைத் தண்டோராவுக்கு அனுப்பத்தான் இருந்தார். ஆனால் ஊருக்குள் நுழையும்போது சாயங்கால வெயிலில் தெரு அவ்வளவு அழகாக இருந்தது. நாலு பேர், ஒரு இடைவெளி, நாலு பேர், ஒரு இடைவெளி. நாற்று நட்டது போல நின்றுகொண்டிருந்தார்கள். யார் குரலும் உயரவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார்.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு சட்ட நுணுக்கம் புலப்பட்டது. தடையைத் தண்டோரா போடச் சொல்லி அவருக்கு உத்தரவு வந்தது. தடை நீங்கியதைத் தண்டோரா போடச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. உத்தரவில்லாமல் தப்பட்டையைத் தட்டுவது அதிகார துஷ்பிரயோகம் ஆகாதா? நேர்மையான மனிதர். துஷ்பிரயோகம் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய மனைவி ஜெயம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஊரு ஜனங்களுக்குச் சொல்லிடுங்களேன். பாவமா இருக்குது."

"சொல்லி? மறுபடியும் வாய்க்கால்ல மண்டைய ஒடச்சிக்கவா?"

ஜெயம்மா அடுக்களைக்குப் போனாள். இரண்டே பேர் இருந்த கூட்டம் அமைதியாகக் கலைந்தது.

புரட்டாசியில் ஊரார் வழக்கம்போல் திருப்பதிக்கு நடந்தார்கள். நாலு பேர் போவது, ஒரு பர்லாங் விட்டு அடுத்த நாலு பேர். கோவிந்தா போட்டால் முன்னால் போகும் கூட்டத்தோடு சேர்ந்தது போல ஆகிவிடும் என்று மெதுவாகப் போட்டார்கள். கடைசி நாலு பேர் மலையேறும்போது முதல் நாலு பேர் மொட்டையோடு எதிரே இறங்கி வந்தார்கள். மலையில் பார்த்த காட்சியை ஊர் திரும்பியதும் தணிகாசலத்திடம் நடுங்கிக்கொண்டே சொன்னார்கள்.

"ஐயா, அங்க ஆயிரம் ஆயிரமா நிக்கறாங்கோ! ஒருத்தனையும் சுடல!"

தணிகாசலம் ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான்.

"அது பெருமாளோட ஜூரிஸ்டிக்‌ஷன். நம்ம ஊருது ஏரிக்கரைக்கு இந்தாண்ட ஆரம்பிக்கறது."

"அப்ப நகரிச் சந்தையில?"

"அது அவங்க தலையெழுத்து. கெட்டுப்போறவங்களப் பாத்து நாம கெட்டுப்போவணுமா?"

ஜூரிஸ்டிக்‌ஷன் என்றால் அதிகார எல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததனால் நம்பினார்கள். உண்மையைச் சொல்லப் போனால், நம்புவதில் அவர்களுக்கும் சௌகரியம் இருந்தது. கல்யாணத்துக்குப் பந்தல் போட வேண்டாம். நாத்தனார் கூட்டத்தைக் கூப்பிட வேண்டாம். யாராவது உதவிக்கு அழைத்தால் "ஏற்கெனவே நாலு பேரு இருக்கீங்களே" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

ராஜ்யம் பிறந்த மறு வருஷம் ஐப்பசியில் மேலத்தெரு சண்முகம் செத்துப்போனார். அவருக்கு ஐந்து பிள்ளைகள்.

தணிகாசலத்தின் சட்டஞானத்துக்கு அப்படி ஒரு சோதனை அதற்கு முன் வந்ததில்லை. அவர் நேரில் போய்ப் பாடையருகில் நின்று யோசித்துத் தீர்ப்பு வழங்கினார். பிணம் ஆள் ஆகாது. வெட்டியான் கடமையில் இருக்கும் ஊர் ஊழியன், ஆகவே அவனும் ஆள் ஆகமாட்டான். முன்சீப் சட்டமே ஆகையால் அவரும் ஆள் அல்ல. தூக்குவதற்கு நாலு பேர். கொள்ளிச்சட்டி? மூத்தவன் கோவர்த்தனன் ஒரு தோளில் பாடையும் மறு கையில் சட்டியுமாகப் போகலாம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மிஞ்சியது கடைசிப் பிள்ளை கன்னையா.

கன்னையா வாய்க்கரிசியைக் கைக்குள் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். ஏரிக்கரையில் தணிகாசலம் அவனை நிறுத்தினார்.

"நீ அஞ்சாவது ஆளுப்பா."

"ஐயா, எங்க நைனா வாயில அரிசி போட்டுட்டு ஓடியாந்துடறேன்."

"அவங்க நாலு பேரும் திரும்பட்டும். அப்பால நீ போ. சட்டம்பா இது. என் கையில இல்ல."

நாலு பேரும் திரும்பும்போது சிதை பாதி எரிந்திருந்தது. கன்னையா கரையிலேயே நின்றிருந்தான். அவன் கைக்குள் இருந்த அரிசி வியர்வையில் ஊறிப் பொங்கிவிட்டது என்று பிறகு ரங்கன் சொன்னான். அன்று தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது. ஆனாலும் என்ன ஒழுங்கான சாவு! ஒப்பாரிகூட நாலு பேருக்கு மேல் இல்லை.

வருஷங்கள் ஓடின. தணிகாசலத்தின் ஒரே பெண் தாட்சாயணி வளர்ந்து நின்றாள். சித்தூரிலிருந்து வரன் வந்தது. பையன் மாங்காய் மண்டியில் கணக்குப் பிள்ளை, குணமானவன். பையனின் அப்பா திருவேங்கடம், கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சீர், நகை என்று எதையும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சம்பந்தி, எங்க பக்கம் அறுபது பேர் பஸ் வெச்சு வருவோம். பொண்ணு வீட்டுப் பக்கம் ஊரே திரண்டு நிக்கணும். ஊர் மதிக்கற குடும்பமான்னு பாத்துத்தான் பொண்ணு எடுக்கறது எங்க வழக்கம்."

தணிகாசலம் தாமே கட்டிக் காத்த நாலு பேர் கணக்கை நினைத்துப் பார்த்தார். ஆனால் தெய்வம் அவரைக் கைவிடவில்லை. அந்தப் பங்குனியில்தான் எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். தணிகாசலம் துள்ளிக் குதித்தார். ரங்கன் தப்பட்டையை எடுத்தான்.

"இத்தால் சகல ஜனங்களுக்கும்! எல்லை தீந்துபூடுச்சு! அதனால நம்ம முனுசீப்பு ஐயா மேலிடத்துல பேசி, நாலு பேரு தடைய இன்னைக்கு எடுத்துட்டாரு! அஞ்சு பேரு கூடலாம்! அம்பது பேரு கூடலாம்! வெள்ளிக்கிழமை காலைல ஐயா ஊட்டுக் கல்யாணத்துக்கு அத்தினி பேரும் கூடலாம்!"

மொத்தப் பழியையும் துடைத்து, மேலே புகழையும் பூசிய அறிவிப்பு. தணிகாசலம் அன்று நன்றாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பந்தலில் நாதஸ்வரம் முழங்கியது. மாப்பிள்ளை வீட்டு அறுபது பேர் ஜமக்காளத்தில் அமர்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கத்து ஜமக்காளத்தில் ஓர் ஆடு படுத்திருந்தது.

"என்ன சம்பந்தி, ஈ காக்காகூடக் காணோம்?" என்றார் திருவேங்கடம்.

"வருவாங்க, வருவாங்க. நிலத்துக்குப் போயிருப்பாங்க."

"ஊரோட எல்லாருமேவா?"

சிறிது நேரம் கழித்துத் திருவேங்கடம் அவரை ஓரமாக அழைத்துப் போனார். முகத்தில் சிரிப்பு இல்லை. "ஒளிக்காம சொல்லுங்க. ஊர்ல உங்களத் தள்ளி வெச்சிருக்காங்களா? தள்ளி வெச்ச குடும்பத்துல பொண்ணு எடுத்தேன்னு சித்தூர்ல நாலு பேர் பேசமாட்டாங்களா?"

"நாலு பேர்தானே? பேசட்டும், தப்பில்ல" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் தணிகாசலம்.

"முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஊர் வரலேன்னா நாங்க பஸ் ஏறிடுவோம்" என்றார் திருவேங்கடம்.

தணிகாசலத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் ஒதுங்கி வழிவிட்ட அதே தெருவில், வீடு வீடாக ஓடினார்.

முதல் வீடு வெங்கடம்மாவுடையது. அவள் வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு வா வெங்கடம்மா! தண்டோரா கேக்கலியா?"

"கேட்டேன் சாமி. தடை போடச்சொல்ல போலீசு ஜீப்பு வந்துச்சு. எடுக்கறதுக்கும் ஜீப்பு வரட்டுமே."

"ஜீப்பெல்லாம் வராது. நான் சொல்றேன்ல?"

"உங்க பந்தல்ல ஏற்கெனவே அறுபது பேர் குந்திக்கினு இருக்கறாங்கோ. குண்டு நிச்சயம். நான் புள்ள குட்டிக்காரி."

அடுத்த வீட்டில் ரங்கையா வாத்தியார். ஜன்னல் வழியாக மட்டும் பேசினார். "தடை எடுத்துட்டீங்க, சரி. அப்ப எனக்கு சுதந்திரம் உண்டா?"

"உண்டு வாத்தியாரே, பூரண சுதந்திரம்!"

"வராம இருக்கவும்?"

தணிகாசலம் அடுத்த வீட்டை நோக்கித் திரும்பினார். இத்தனை வருஷம் கூடாதே என்று சொல்லி வைத்த ஊரை இப்போது கூடு என்று சொல்ல இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏதாவது செக்‌ஷன் உண்டா என்று மனசுக்குள் புரட்டினார். கிடைக்கவில்லை. எவ்வளவு பெரிய ஓட்டை! கொலைக்கு செக்‌ஷன் இருக்கிறது, கல்யாணத்துக்கு வராமல் இருப்பதற்கு இல்லை.

ஓடி ஓடிக் கடைசியில் மேலத்தெருவில், சண்முகத்தின் மனைவி கங்கம்மாள் வாசலில் போய் மூச்சு வாங்க நின்றார். கங்கம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். புடைப்பதை நிறுத்தவில்லை.

"பொண்ணு கல்யாணம் நின்னுடுமா?"

"நின்னுடும் போலக்கீதும்மா." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தாட்சாயணி இன்னா பாவம் பண்ணா?"

"அது ஒரு பாவமும் பண்ணல. நல்லதுக்கு நாலு பேராவது வரணும்தான்." கங்கம்மாள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "கோவர்த்தனா! தம்பிங்களக் கூட்டிக்கினு ஐயா ஊட்டுக்குப் போ. நாலு பேரு போங்க."

கோவர்த்தனனும் தம்பிகள் மூவரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைக்குப் பாடையைத் தூக்கிய அதே நாலு பேர், அதே வரிசையில். தெரு ஜன்னல்களெல்லாம் திறந்தன. அவர்கள் பந்தலுக்குள் போய்ப் பெண் வீட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஆடு எழுந்து போனது. அவர்களுக்குப் பின்னால், ஒரு பர்லாங் விட்டு, கன்னையா வந்தான். பந்தல் வாசலில் வாழைமரத்துக்கு வெளியே நின்றான். அவனுக்குப் பின்னால், என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று, ஊர் நாலு நாலு பேராகக் கிளம்பி வந்தது.

திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது. "அட, வந்துட்டாங்களே! ஏம்பா அங்கேயே நிக்கற? உள்ள வா."

"வரக்கூடாதுங்க. நான் அஞ்சாவது ஆளு" என்றான் கன்னையா.

"அஞ்சாவதுன்னா?"

"நூத்தி நாப்பத்தி நாலு போட்டுக்கீதுங்க இந்த ஊர்ல. ராஜ்யம் பொறந்த வருசத்துலேர்ந்து. இந்த வாரம்தான் ஐயா மேலிடத்துல பேசி எடுத்தாராம், ஆனா ஜீப்பு வரலீங்க."

பெஞ்சு கிளார்க்காக முப்பது வருஷம் இருந்த மனிதரிடம் செக்‌ஷன் நம்பரைச் சொல்வது, குடிகாரன் முன்னால் குப்பியைத் திறப்பது போல. திருவேங்கடம் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆறேழு வருஷமா? யாருப்பா சொன்னது? அந்த உத்தரவு ரெண்டு மாசத்துக்கு மேல தானா நிக்காதே! அந்த வருஷம் போட்டது அந்த வருஷமே போயிருக்குமே! இது உங்க முன்சீப்புக்கு நல்லாத் தெரியுமே. என்ன சம்பந்தி?"

நாதஸ்வரம் நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

வாழைமரத்துக்கு வெளியே நாலு நாலாக நின்றவர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளிகள் மெல்ல மெல்ல அடைபட்டன. யாரும் உத்தரவிடாமல், யாரும் தண்டோரா போடாமல், புளியந்தாங்கல் ஒரே கூட்டமாகியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு தும்மல் இல்லை, ஒரு வசவு இல்லை. எல்லோரும் தணிகாசலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆயுசு முழுக்கக் கனவு கண்ட ஒழுங்கு அதுதான். அவருக்கோ வேட்டி நனைந்துவிடும் போலிருந்தது.

"எங்க நைனா செத்தது மறு வருசம் ஐப்பசியிலீங்க" என்றான் கன்னையா. சத்தமே போடவில்லை. "அப்ப உத்தரவு இருந்துச்சா, இல்லியா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். "சட்டப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தார். மேலே சட்டம் வரவில்லை. மணையில் தாட்சாயணி தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெயம்மா அவரைப் பார்க்காமல் அட்சதைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருவேங்கடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இல்ல" என்றார் தணிகாசலம்.

பிறகு அவர் வாசல்வரை நடந்து போனார். வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் கன்னையா, இந்தப் பக்கம் அவர்.

"உள்ள வா கன்னையா."

"உத்தரவுங்களா?"

"இல்லப்பா."

"அப்ப?"

"கேக்கறேன். வாப்பா. உன்னக் கேக்கறேன்." இத்தனை வருஷத்தில் அந்த ஊரில் அவர் யாரையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

கன்னையா மணையில் இருந்த பெண்ணைப் பார்த்தான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவ்வளவுதான், கரை உடைந்தது போல ஊர் உள்ளே புகுந்தது. ஜமக்காளம் போதவில்லை. ரங்கையா வாத்தியார் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெங்கடம்மா வாய்க்கால் தகராறை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள், விலக்குவதற்கு இருபது பேர் பாய்ந்தார்கள். இரைச்சலில் மந்திரம் கேட்கவில்லை. "கெட்டிமேளம்!" என்று யாரோ அலற, தாலி ஏறியது. இதுவல்லவா மதிப்பான குடும்பம் என்று திருவேங்கடம் பக்கத்தில் இருந்தவர் காதில் கத்தினார்.

அட்சதை மழை ஓய்ந்த பிறகு கன்னையா மணையருகே வந்தான். தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினான். பாதியைத் தாட்சாயணியின் தலையில் போட்டு, "நல்லா இரும்மா, நூறு வருசம் நல்லா இரு" என்று மனசாரச் சொன்னான். மீதிப் பாதியைத் துண்டின் ஓரத்தில் கொட்டிப் பத்திரமாக முடிந்துகொண்டான்.

தணிகாசலத்துக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. பழைய தோரணையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. "இன்னாப்பா கன்னையா, மீதிய முடிஞ்சிக்கினு போற? அது யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இது உங்களுதுங்க ஐயா" என்றான் கன்னையா, கைகூப்பி. "அவசரம் ஒண்ணும் இல்ல. நேரம் வரும்போது எங்க அண்ணனுங்களையும் கூட்டிக்கினு, அஞ்சு பேரும் ஒண்ணாவே வந்து வாயில போடறோம்."